முழம் விட்டு வெட்டுவாள்

பாலக்கோட்டில், பள்ளிவாசலுக்குப் பின்னால் இருக்கிற எங்கள் தெருவில் யாராவது மௌத்தானால், குழி வெட்டுகிறவருக்குச் சொல்லியனுப்பிய கையோடு எங்கள் வீட்டுக்கும் ஓர் ஆள் வரும். வாசலில் நின்று ஸலாம் சொல்லிவிட்டு, இறந்தவர் இன்னார் என்று சொல்வார்கள். பிறகு, "மட்டை ஒண்ணு வேணுங்க" என்பார்கள். எங்கள் வீட்டில் பேரீச்சை மரம் இருந்தது. எங்கள் ஜமாஅத்தில் வேறு யார் வீட்டிலும் இல்லை.

ஈரமான பேரீச்ச மட்டையைக் கபரின் மேல் வைத்தால், அது காயும்வரைக்கும் உள்ளே இருப்பவருக்கு வேதனை இலேசாக இருக்கும் என்பது எங்களவர்கள் காலங்காலமாக நம்புவது. அதற்கெல்லாம் இப்போது ஆதாரம் இல்லை என்று சட்டம் பேசுகிற இளவட்டங்களும் எங்கள் தெருவில் உண்டு. அவர்கள் வீட்டில் சாவு விழுந்தால் அவர்களுடைய அம்மாக்கள் பின்வாசல் வழியாக எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள். எங்கள் மரம் வளர்வதற்கு முன்னால் ஓடைக்கரை ஈச்ச மட்டையையோ மருதாணிக் கிளையையோ வைத்துச் சமாளித்தார்கள். அசல் மரமே தெருவுக்குள் வந்த பிறகு ஓடைக்கு யார் போவார்கள்?

மரத்தை வைத்தவள் என் மனைவி. நான் மெத்தைக் கடைக்காரன். எனக்கும் செடிகொடிகளுக்கும் உள்ள உறவு இலவம்பஞ்சோடு முடிந்தது. அவளுக்கோ எதைப் பார்த்தாலும் மண்ணில் ஊன்றிப் பார்க்க வேண்டும். ஒரு நோன்பு மாதத்தில், நோன்பு திறக்கும்போது நாங்கள் துப்புகிற பேரீச்சங்கொட்டைகளை எல்லாம் ஒரு டம்ளரில் சேர்க்க ஆரம்பித்தாள். தினமும் தண்ணீர் மாற்றினாள். பிறகு, என் கடையிலிருந்து கொண்டுவந்த மெத்தைத் துணிக் கழிசலை நனைத்து, கொட்டைகளை அதில் சுற்றி அடுப்படி அலமாரியில் வைத்தாள். பெருநாள் போய்ப் பல நாள் கழித்து, ஒரே ஒரு கொட்டை வெள்ளையாக வாலை நீட்டியது. அதைப் பெயிண்ட் வாளியில் நட்டாள். அது முதலில் விட்டது இலை மாதிரியே இல்லை. புல் முளைத்திருக்கிறது என்று நினைத்துப் பிடுங்கப் போனேன். அன்று வாங்கிய திட்டு கொஞ்சமல்ல.

"இது காய்க்கிறப்போ நமக்குப் பல்லு இருக்காது" என்றேன்.

"பல்லு இல்லாட்டி ஊற வெச்சுத் தின்னுக்கலாம், நகருங்க" என்றாள்.

இரண்டு வருடம் வாளியில் இருந்ததை, பின்கட்டில் துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தாள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. அதை ஊற்றி அவள் வைத்த ரோஜாவும் மல்லியும் ஓரம் கருகிச் செத்தன. இந்தப் பிறவி மட்டும் உப்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்றது. அரிசி கழுவிய தண்ணீர், துணி அலசிய தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர், எதையும் வேண்டாமென்று சொல்லவில்லை. வருடத்துக்கு ஒருமுறை எருவும் வேப்பம் புண்ணாக்கும் கலந்து சுற்றிலும் கொத்திப் போடுவாள். மட்டையின் அடியில் இருக்கிற முள் விரல் நீளம் வளரும். துணி காயப்போடப் போனால் முதுகில் குத்தும். அதற்காக என் கடைக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொரு முள்ளாக நறுக்குவாள். மெத்தைத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் முனை மழுங்கிப்போனால் அன்றைக்கு வீட்டில் ஒரு சண்டை உண்டு.

தர்மபுரிப் பக்கம் பேரீச்சைத் தோட்டம் போட்டவர்கள் இருக்கிறார்கள். அதில் ஒரு தோட்டத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வேலை பார்க்கிற மேஸ்திரி மரம்மரமாகக் காட்டினார். கொட்டை போட்டு வளர்த்தது என்றதும் சிரித்தார்.

"கொட்டையில வந்ததுன்னா ஆணா பொண்ணான்னு சொல்ல முடியாதுங்க. பாளை விட்டாத்தான் தெரியும். ஆணா இருந்தா காய்க்காதுங்க."

"நான் பெத்தப்போ மட்டும் ஆணா பொண்ணான்னு கேட்டுட்டா பெத்தேன்?" என்றாள் என் மனைவி.

அந்த மேஸ்திரிதான் அவளுக்கு மட்டை வெட்டும் முறையையும் சொல்லிக்கொடுத்தார். பச்சை மட்டையை வெட்டாமல் இருப்பது நல்லது. வெட்டியே ஆக வேண்டுமென்றால் அடிவரிசை மட்டையைத்தான் வெட்ட வேண்டும். அதுவும் மரத்தை ஒட்டி வெட்டக் கூடாது, ஒரு முழம் காம்பு விட்டு வெட்ட வேண்டும். பச்சைக் காயத்தின் வாசத்துக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும். மரத்தில் காயம் பட்டால் அங்கே முட்டை வைக்கும். புழு உள்ளே போய்விட்டால் வெளியே ஒன்றும் தெரியாது, தெரிகிறபோது மரம் இருக்காது. இதையெல்லாம் நான் டீ குடித்துக்கொண்டு அரைக்காதில் கேட்டேன். அவள் முழுக் காதையும் கொடுத்துக் கேட்டாள்.

ஆறேழு வருடம் கழித்து மரம் பாளை விட்டது. உறை வெடித்து, தந்த நிறத்தில் கொத்துக்கொத்தாகப் பூ. தட்டினால் மாவு கொட்டியது. காயப்போட்ட துணியெல்லாம் வெள்ளைத் தூசி. ஆண். மேஸ்திரிக்குப் போன் போட்டுச் சொன்னோம். அவர் ஒரு சாக்கோடு வந்து இரண்டு பாளையை வெட்டிக்கொண்டு போனார். தோட்டத்துப் பெண் மரங்களுக்குத் தூவுவதற்கு வேண்டுமாம். ஆடிக்கு முன்னால் மஞ்சள் மஞ்சளாக ஒரு அட்டைப்பெட்டி பேரீச்சம்பழம் கொண்டுவந்து வைத்தார். என் மனைவி தெரு முழுக்கப் பங்கு போட்டாள்.

"நம்ம வூட்டுப் பையன் அங்க நாலு எடத்துல சம்பந்தம் பண்ணிட்டான்" என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்கு வருத்தம்தான். மரத்தடியில் நின்று ஏறிட்டுப் பார்ப்பாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "காய்க்காத மரத்துக்கு இத்தனை உபசாரமா" என்று ஒருநாள் கேட்டுவைத்தேன். அவள் பதில் சொல்லவில்லை. அவள் பதில் சொல்லாமல் போன சந்தர்ப்பங்கள் குறைவு, அதனால் நினைவிருக்கிறது.

அந்த வருடம்தான் எதிர்வரிசையில் ஒரு பெரியவர் மௌத்தானார். பள்ளிவாசல் மோதினார் வந்து தயங்கித் தயங்கி ஒரு மட்டை கேட்டார். என் மனைவி முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு ஏணியில் ஏறினாள். அடிவரிசையில் ஒன்றைப் பார்த்து, முழங்கையை வைத்து அளந்து, ஒரு முழம் விட்டு வெட்டினாள். வெட்டின இடத்தில் அடுப்புச் சாம்பலையும் வேப்பெண்ணெயையும் குழைத்துப் பூசினாள். கீழே இறங்கி, கத்தரிக்கோலால் அடிமுள் எல்லாவற்றையும் நறுக்கினாள். "கபருல வெக்கிறது, யாரையும் குத்தக் கூடாது" என்றாள். மோதினார் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்த்தேன். அவளுடைய மரத்துக்கு வேலை கிடைத்துவிட்டது.

அதன் பிறகு எந்த வீட்டுச் சாவுக்கும் அவள் இல்லையென்று சொன்னதில்லை. அவளோடு குழாயடியில் மல்லுக்கு நின்றவர்களுக்கும் கொடுத்தாள். வட்டிக்கு விட்டுக் குடும்பங்களை அழவைத்தவன் ஒருவன் செத்தபோது, "இவனுக்கு ஒரு மட்டை பத்தாது, மரத்தையே அனுப்பணும்" என்றேன். "அவங்கவங்க கணக்கு அங்க. நமக்கென்ன" என்று சொல்லிவிட்டு ஏணியை எடுத்தாள். ஒரு மையத்து அடக்கத்துக்கு ஒரு மட்டை, அதுதான் அவள் வைத்த சட்டம். மரமும் அதற்கு ஏற்றாற்போல் புதுக்குருத்து விட்டுக்கொண்டே இருந்தது.

போன வருடம், மழை தொடங்குகிற நேரத்தில், ஒரு காலைப்பொழுது அவள் நெஞ்சு வலிக்கிறது என்றாள். தர்மபுரிக்குக் கொண்டுபோகிற வழியிலேயே முடிந்துவிட்டது. என் தோளில்தான் சாய்ந்திருந்தாள். வண்டியோட்டிக்கு முதலில் நான் சொல்லவில்லை. சொன்னால் திருப்பிவிடுவாரே என்றிருந்தது.

வீட்டில் கிடத்தி, பெண்கள் குளிப்பாட்டத் தண்ணீர் காய வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் கூடத்தில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். அப்போது பின்கட்டில் வெட்டுகிற சத்தம் கேட்டது. ஒரு வெட்டு இல்லை. தொடர்ந்து கேட்டது. நாலு வீடு தள்ளி இருக்கிற பையன்தான் ஏணியில் நின்றான். பையன் என்று சொல்வது பழக்கதோஷம், கல்யாணமானவன். தக்காளி மண்டியில் பெட்டி ஏற்றுகிற வேலை. அவனுக்குத் தாய் இல்லை. சின்ன வயதில் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு, என் மனைவியை மாமி மாமி என்று சுற்றிவருவான். அன்று அழுதுகொண்டே வெட்டினான் என்று பிறகு சொன்னார்கள். மாமிக்குப் போவது அடிவரிசைப் பழுத்த மட்டையாக இருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறான். மேலே கைபோட்டு, குருத்தைச் சுற்றியிருந்த இளம்பச்சை மட்டைகளாகப் பார்த்து, ஒன்று விட்டு ஒன்றாக, மரத்தை ஒட்ட ஒட்ட வெட்டியிருக்கிறான்.

மையத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவன் எழுந்துபோய், முழம் விட்டு வெட்டுடா என்றா கத்துவான்? எனக்கு அது ஞாபகத்துக்கே வரவில்லை. கபர்ஸ்தானில் மண் மூடியதும் மட்டைகளை எல்லாம் பரப்பினார்கள். மண்ணே தெரியவில்லை. இப்படி ஒரு பச்சையை யாருடைய கபரிலும் பார்த்ததில்லை என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். எனக்கும் அப்போது அது நிறைவாகத்தான் இருந்தது.

அந்த மட்டைகள் காய்ந்ததும் நான் வழக்கம் ஒன்றை ஆரம்பித்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும், மரத்திலிருந்து ஒரு கொத்து ஓலையைக் கிள்ளிக்கொண்டு போய் அவள் கபரில் வைப்பேன். முழு மட்டையை வெட்டவில்லை. பழையது காய்வதற்குள் புதியது போய்விட வேண்டும். அவள் என்ன பாவம் செய்தாள், அவளுக்கு எதற்கு வேதனை என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருக்கிறேன். என்னைத் திட்டினது தவிர அவள் கணக்கில் பெரிதாக ஒன்றும் இருக்காது. அதில் பாதி எனக்கு வேண்டியதுதான். ஆனாலும் அங்கே நடப்பது நமக்குத் தெரியாது. தெரியாத இடத்துக்கு அவளைத் தனியாக அனுப்பிவிட்டு, கையில் இருப்பதையும் கொடுக்காமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேன். அவள் இருந்தபோது ஒரு சொம்பு ஊற்றியவன் இல்லை.

"மரம் வெச்சவன் தண்ணி ஊத்துவான், கவலைப்படாதீங்க பாய்" என்று துக்கம் கேட்க வந்த பக்கத்துக் கடைக்காரர் ஒருவர் ஆறுதல் சொன்னார். அவர் ஆண்டவனைச் சொன்னார். எனக்கு என் மனைவியும் அவளுடைய வாளியும்தான் ஞாபகம் வந்தன.

சில மாதம் கழித்து, தண்ணீர் ஊற்றப் போனபோது மரத்தடியில் புளித்த வாடை வந்தது. மேல்தண்டில் ஓரிடத்தில் காவி நிறத்தில் கசிந்து வழிந்திருந்தது. நடுக்குருத்து வெளுத்து ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. மேஸ்திரி சொன்னது எல்லாம் அப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. ஏணி வைத்து ஏறி, தண்டில் காதை வைத்தேன். உள்ளே சத்தம் கேட்டது. ஓர் ஆள் பக்கத்தில் உட்கார்ந்து பொரி மெல்லுகிற மாதிரி, நிதானமாக, நிறுத்தாமல். இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

மேஸ்திரி அன்று மாலையே வந்தார். அவரும் காது வைத்துக் கேட்டார். மட்டை வெட்டின இடங்களைப் பார்த்தார். கம்பியை விட்டு நோண்டி, கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளைப் புழுக்கள் நாலைந்தை எடுத்துப் போட்டார். ஓட்டை போட்டு மருந்து ஊற்றி, களிமண் வைத்து அடைத்தார்.

"மண்டை வரைக்கும் போயிட்ட மாதிரி இருக்குதுங்க பாய். பார்க்கலாம். சில மரம் பொழைச்சுக்கும்."

"பொழைக்கலைன்னா?"

"இருக்கிற மட்டை பச்சையா இருக்கிற வரைக்கும் இருக்கும்ங்க. அப்புறம் மண்டை ஒடிஞ்சு விழுந்துடும்."

அன்றிலிருந்து அந்தப் பையன் மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. தெருவில் எதிரே வந்து ஸலாம் சொல்வான். ஸலாத்துக்குப் பதில் சொல்லாமல் இருப்பது எங்கள் மார்க்கத்தில் சின்னக் குற்றமில்லை. அதனால் அவன் காதில் விழாதபடி வாய்க்குள் முணுமுணுத்துவிட்டுப் போவேன். தோளில் இருந்து நம் கணக்கை எழுதுகிற வானவருக்குக் கேட்டால் போதும், இவனுக்கு எதற்கு. மரத்துக்கு வந்த கேடு தெருவுக்கே தெரியும். யாரால் என்றும் தெரியும். அவன் ஒன்றிரண்டு முறை வீட்டு வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனான். நானும் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். அவன் அவள்மேல் வைத்த பாசத்தில்தான் வெட்டினான். அது தெரிந்ததால்தான் கோபம் இன்னும் மோசமாக இருந்தது. வேண்டுமென்றே வெட்டியிருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு ஆறியிருப்பேன்.

பெங்களூரில் இருக்கிற மகள் வந்தாள். மரத்தை ஒருதரம் பார்த்தாள், அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

"அத்தா, ஆள் வெச்சு எடுத்துடலாம். யார் தலையிலாவது விழுந்துடப் போகுது."

"உங்கம்மாவுக்கு வருஷம் முடிஞ்சு ஃபாத்திஹா ஓதுற வரைக்கும் இருக்கட்டும்" என்றேன்.

அடுத்த முறை வரும்போது வெள்ளைத் தொட்டியில் ஒரு செடி கொண்டுவந்தாள். வீட்டுக்குள்ளேயே வளர்க்கிற பாக்கு இனமாம், பாம் என்றாள். வெயில் கூடாது, உப்புத் தண்ணீர் கூடாது, ஏழு நாளைக்கு இரண்டு முறை குடிதண்ணீர் ஊற்ற வேண்டும், இலையை ஈரத் துணியால் துடைக்க வேண்டும் என்று எனக்குப் பாடம் நடத்தினாள். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த விருந்தாளிக்குக் கூட நாங்கள் இத்தனை செய்ததில்லை. குழாயில் வருகிற காவேரித் தண்ணீரை அதற்குப் பிடித்து வைத்தேன். மகள் மனம் நோகக் கூடாது. முள் இல்லாத, வாடை இல்லாத, யாருக்கும் எதற்கும் தேவைப்படாத அந்தச் செடி கூடத்து மூலையில் தன் பாட்டுக்கு நின்றது. அது நன்றாகவே வளர்ந்தது.

வெளியே பேரீச்சை ஒவ்வொரு மட்டையாக வெளுத்துத் தொங்கியது. வெள்ளிக்கிழமைக்கு ஓலை கிள்ளுவதையும் நிறுத்தினேன். வருடம் முடிகிற நாளில் அவளுக்கு ஒரு முழு மட்டை, அவள் மரத்திலிருந்து, பச்சையாக. அவ்வளவுதான் நான் கேட்டது. அதற்குப் பிறகு மரம் விழுந்தால் விழட்டும். கடைசியாகக் கிழக்குப் பக்கத்தில் ஒரே ஒரு மட்டை பச்சை மாறாமல் நின்றது. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அதைத்தான் போய்ப் பார்ப்பேன். ஓலை நுனி காய்ந்திருந்தால் அன்று முழுவதும் கடையில் யாரிடமாவது எரிந்து விழுவேன். வருட நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது.

அப்போதுதான் அந்தப் பையனின் மனைவிக்குப் பிரசவம் ஆனது. பெண் குழந்தை. பிறந்து ஒரு நாள்தான் மூச்சிருந்தது. மறுநாள் காலையில் பள்ளிவாசலில் அறிவிப்புச் செய்தார்கள். நான் கடை திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. அவன் நின்றிருந்தான். ஸலாம் சொன்னான். மற்றவர்கள் ஆள் அனுப்புவார்கள். இவன் அனுப்பவில்லை, அவனே வந்திருந்தான்.

எனக்குள் என்னவெல்லாம் ஓடியது என்பதை மறைப்பானேன். ஒரு நாள் இருந்த பிள்ளைக்கு என்ன பாவம், அதற்கு எதற்கு மட்டை என்று நினைத்தேன். இவனுக்குக் கொடுத்தால் அவளுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்தேன். வெட்டினவனே வந்து கேட்கிறானே என்றும் நினைத்தேன். அவன் இன்னும் கேட்கவே இல்லை. சட்டைப் பொத்தானைத் தப்பும் தவறுமாகப் போட்டிருந்தான். அவன் பள்ளிக்கூடம் போன காலத்தில் என் மனைவி இந்த வாசலிலேயே அவனை நிறுத்தி, பொத்தானை அவிழ்த்துத் திரும்பப் போட்டுவிடுவாள். அவள் இருந்தால் இந்நேரம் ஏணியில் நின்றிருப்பாள்.

"வ அலைக்கும் ஸலாம்" என்றேன், அவனுக்குக் கேட்கும்படி. "ஏணி பின்னால இருக்குது. எடு."

அவன் அப்படியே நின்றான். "வேணாம் மாமு. அது மாமிக்கு வெச்சிருக்கீங்கன்னு சொன்னாங்க. நான் மருதாணி ஒடிச்சுக்கிறேன். உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகணும்னுதான் வந்தேன்."

"ஏணியை எடுன்னு சொன்னேன்."

அவன் ஏறினான். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அரிவாளை ஓங்கினவனை, "முழம் விட்டு வெட்டு" என்றேன்.

அவன் கீழே பார்த்தான். மரத்தின் மண்டை அழுகி ஒரு பக்கம் சரிந்திருந்தது. "இனிமே எதுக்கு மாமு முழம் விட்டு?" என்று மெதுவாகக் கேட்டான்.

"அவ அப்படித்தான் வெட்டுவா."

முழங்கையை வைத்து அளந்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்ப அளந்தான். ஒரு முழம் விட்டு வெட்டினான். நான் உள்ளே போய்ச் சாம்பலும் வேப்பெண்ணெயும் குழைத்துக் கொண்டுவந்து கொடுத்தேன். காம்பின் முனையில் பூசிவிட்டு இறங்கினான்.

அந்தப் பிள்ளையைத் தூக்கிப்போகச் சந்தூக்குப் பெட்டி தேவைப்படவில்லை. அவனே கையில் ஏந்திக்கொண்டு நடந்தான். பின்னால் நான் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடந்தேன். தெருவில் மட்டையைக் கொடுத்தனுப்பியிருக்கிறோமே தவிர, இதுவரைக்கும் நான் சுமந்து போனதில்லை. எடை அதிகம் இல்லை. ஓலை தரையில் உரசிக்கொண்டே வந்தது.

குழி கை நீளம்தான். மண் போட்டு மூடிய பிறகு மட்டையை வைத்தால், பாதிக்கு மேல் வெளியே கிடந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத் நறுக்கிவிடச் சொன்னார். நறுக்கினார்கள். ஓலை அடர்ந்த நுனிப்பாதியைப் பிள்ளையின் மேல் வைத்தான். அடிப்பாதியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

அவன் என் மனைவியின் கபருக்குப் போனான். அடிப்பாதியில் முள் இருந்தது. கத்தரிக்கோலைக் கொண்டுவர நான் மறந்திருந்தேன். அவன் கபர் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு முள்ளாகக் கையாலேயே ஒடித்து எடுத்தான். விரலில் இரத்தம் வந்தது, சட்டையில் துடைத்துக்கொண்டான். எல்லா முள்ளையும் எடுத்துத் தடவிப் பார்த்த பிறகு மட்டையை அவள்மேல் வைத்தான். நான் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். அவள் மௌத்தான அன்று கூட அப்படி அழவில்லை. அவன் என் முதுகில் கை வைத்திருந்தான்.

வருட ஃபாத்திஹாவுக்கு மகள் வந்தாள், நெய்ச்சோறு ஆக்கினோம், தெருவுக்கெல்லாம் கொடுத்தோம். அன்று கபரில் வைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். இரண்டு பாதியும் வெளுத்துக் காய்ந்திருந்தன. பாதித் தண்ணீரை அவளுக்கும் மீதியை அந்தப் பிள்ளைக்கும் ஊற்றிவிட்டுத் திரும்பினேன்.

மாலையில் மகள் மரம் வெட்டுகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து பின்கட்டில் நின்றாள். மண்டை முழுக்கச் சருகாகிவிட்டிருந்தது. அந்த ஆள் ஏறிப் பார்த்துவிட்டு, எல்லாம் செத்துவிட்டது, கிழக்குப் பக்கம் முழம் நீளத்துக்கு ஒரு காம்பு மட்டும் இன்னும் பச்சையாக இருக்கிறது என்றார். அது காயும்வரைக்கும் மரத்தில் கை வைக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.